சின்ன அணியோடு ஆடுவது பெரிய அணிக்கு இழுக்கா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர் ஒருவர்)

“யானைக்கும் அடி சறுக்கும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழியை யானையும் அறிந்தே வைத்திருக்கிறது போலும். சறுக்கும் வழி என்று தெரிந்தால் அது அங்கே கால் வைப்பதே இல்லை, சுற்றுவழியாகப் போய்விடுகிறது. விளையாட்டு உலகின் பெரிய அணிகள் பலவும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. வென்றால் பெருமை இல்லை, தோற்றால் மானம் போய்விடும் என்று தோன்றுகிற இடத்தில் அவை ஆட வருவதில்லை. இது சரிதானா? தம் மாநிலத்தில், தம் மாவட்டத்தில் இருக்கும் சின்ன அணிகளோடு பெரிய அணிகள் ஆட வேண்டுமா, வேண்டாமா? இதைப் பற்றி நான் படித்தறிந்ததையும் பட்டறிந்ததையும் நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

இரண்டு நிகழ்ச்சிகள்

நான் ஏற்காட்டு மலையிலுள்ள செம்மநத்தம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நானே. சேர்வராயன் மலையில் சமதளமான நிலம் கிடைப்பது அரிது. கிடைக்கிற நிலத்தில் காபிச் செடி நிற்கும். அதற்கு நிழல் தர சில்வர் ஓக் மரம் நிற்கும். அம்மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். இவற்றுக்கெல்லாம் போக மிஞ்சிய ஒரு துண்டு நிலமே எங்கள் கால்பந்து மைதானம். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தது. சில்வர் ஓக் கழிகளை நட்டுக் கோல் கம்பம் ஆக்கியிருந்தோம். பந்து பள்ளத்துப் பக்கம் உருண்டால் காபிக் காட்டுக்குள் இறங்கித் தேட வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் எதிரே நிற்பவன் யாரென்றே தெரியாது. அது விலகும் வரை ஆட்டத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது நகரத்து அணி ஒன்று எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்து ஆடுவதாகச் சொல்லியிருந்தது. பெரியவர்கள் களத்தைச் செதுக்கிக் கொடுத்தார்கள். வருகிற பதினைந்து பேருக்கும் சேர்த்து என் தாயாரும் அண்டை வீட்டாரும் சோறாக்கினார்கள். காலை பத்து மணிக்கே நாங்கள் மைதானத்தில் நின்றோம். மாலையில் மேகம் இறங்கும் வரை நின்றோம். யாரும் வரவில்லை. “அந்த மலையில ஏறிப் போய் யாரோட ஆடறது?” என்று அவர்கள் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அந்த அணியின் பெயரை இங்கு எழுதி ஆவதொன்றும் இல்லை. மிஞ்சிய சோற்றை மறுநாளும் நீரூற்றித் தின்றோம் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது நிகழ்ச்சி இந்த ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் நடந்தது. இப்போது நான் நம் கல்லூரிக் கால்பந்து அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். ஊருக்குப் போயிருந்தபோது பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன், “அண்ணா, உங்க காலேஜ் டீம் ஒரு நாள் நம்ம ஊருக்கு வந்து ஆடுமாண்ணா?” என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். திரும்பி வந்து நம் அணித் தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஜெயிச்சா யாரும் கைதட்டப் போறதில்ல. தோத்தா காலேஜே சிரிக்கும். எதுக்குடா வம்பு?” என்றார். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு வராமல் போனவர்களும் இதே நியாயத்தைத்தான் பேசியிருப்பார்கள் என்பது அன்றிரவு விடுதியில் படுத்த பிறகே உறைத்தது. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெரிய அணிகள் கூறும் காரணங்கள்

பெரிய அணிகளின் பக்கத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். முதலாவது, அணித் தலைவர் கூறிய காரணம்: வெற்றியால் வரவு இல்லை, தோல்வியால் செலவு உண்டு. இரண்டாவது, காயம். கரடுமுரடான களத்தில் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் காலை முறித்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் நட்டம். மூன்றாவது, நாள். தேர்வுகளுக்கும் போட்டிகளுக்கும் இடையே கிடைக்கும் ஞாயிறுகள் சிலவே. நான்காவது காரணம் சின்ன அணியின் நலத்தைக் கருதிச் சொல்லப்படுவது: பத்துக்குப் பூச்சியம் என்று தோற்றுப் போகும் பிள்ளைகள் பந்தையே தொடாமல் விட்டுவிடுவார்கள். நான்கிலும் வலுவானது இதுவே என்பது என் கருத்து. இதற்கு விடை கண்டால்தான் மற்றவற்றைப் பேச முடியும்.

அமெரிக்காவில் ஒரு மலைக் கல்லூரி

இந்த விவாதம் ஆண்டுதோறும் சூடாக நடக்கும் நாடு அமெரிக்கா. அங்கே ‘ஃபுட்பால்’ என்பது நம் கால்பந்து அன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம். பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் பந்தயத்துக்கே ஒரு லட்சம் பேர் வந்து உட்காரும் அரங்குகள் அங்கே உண்டு. பெரிய பல்கலைக்கழகம் சின்னக் கல்லூரியைத் தன் அரங்குக்கு அழைத்து, வந்து ஆடியதற்காகப் பெருந்தொகை கொடுக்கும். பெரும்பாலும் சின்ன அணி தோற்கும். ஆனால் அந்தப் பணத்தில் அதன் விளையாட்டுத் துறை பிழைக்கும்.

அப்படிக் கொடுக்கும் பணத்தைத் தம் மாநிலத்துச் சின்னக் கல்லூரிக்கே கொடுத்தால் என்ன என்று ஒரு சாரார் கேட்கின்றனர். பணம் மாநிலத்துக்குள்ளேயே சுற்றும், பயணச் செலவு குறையும், இரு பக்கத்து மக்களும் வந்து பார்ப்பார்கள் என்பது அவர்கள் வாதம். மறு சாராரோ, பக்கத்து ஊர்ச் சின்னவனை வளர்த்துவிட்டால் நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில் நாளை அவனே நமக்குப் போட்டியாவான் என்று அஞ்சுகின்றனர்.

2007 செப்டம்பர் 1ஆம் நாள் மிச்சிகன் பல்கலைக்கழகம் இப்படி ஓர் அணியை அழைத்தது. அது வேறு மாநிலமாகிய வட கரோலினாவின் மலைப் பகுதியில், பூன் என்னும் சிறு நகரிலுள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகம். மிச்சிகன் அப்போது நாட்டின் முதல் ஐந்து அணிகளுள் ஒன்று. அப்பலாச்சியன் இரண்டாம் தட்டு அணி. அதன் அணிக்கு வழங்கும் பெயரே ‘மலைவாசிகள்’ என்பதுதான். வந்து ஆடக் கிடைத்த தொகை 4 லட்சம் டாலர். 1,09,000 பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில், கடைசி நொடியில் மிச்சிகன் உதைத்த பந்தைக் குறுக்கே பாய்ந்து தடுத்து, மலைவாசிகள் 34-32 என்று வென்றார்கள். மிச்சிகன் முகம் சுளித்து ஒதுங்கிவிடவில்லை. 2014இல் அதே அணியை மீண்டும் அழைத்து 52-14 என்று வென்றது. அப்பலாச்சியனும் அதே 2014இல் முதல் தட்டுக்கு உயர்ந்தது.

ஒரே மாநிலத்துக்குள் நடந்த கதை இன்னும் சுவையானது. அலபாமா மாநிலத்தில் அலபாமா, ஆபர்ன் என இரு அரசுப் பல்கலைக்கழகங்கள். 1907க்குப் பிறகு, பயணப்படி, நடுவர் முதலிய சில்லறைத் தகராறுகளால் இரண்டும் ஆடுவதையே நிறுத்திவிட்டன. 41 ஆண்டுகள் ஆடவில்லை! 1947இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை, இவ்விரண்டும் ஆட வேண்டுமென்று தீர்மானமே நிறைவேற்றியது. 1948இல் ஆடினார்கள். அப்போது வலிமை குன்றியிருந்த ஆபர்ன் 55-0 என்று தோற்றது. நம் நான்காவது காரணத்தின்படி அவர்கள் அத்தோடு பந்தை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மறு ஆண்டே, 1949இல், 14-13 என்று அலபாமாவை வென்றார்கள். அந்த ஆட்டம் இன்றளவும் ஆண்டுதோறும் நடக்கிறது.

55-0 ஆபர்னை முடக்கவில்லை. அடுத்த ஆண்டும் ஆட்டம் உண்டு என்று தெரிந்திருந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கல்கத்தாவில்

கடல் கடந்து போவானேன்? நம் நாட்டிலேயே 1898இல் தொடங்கிய கல்கத்தா கால்பந்து லீக் இருக்கிறது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் அங்கே யானைகள். அவற்றோடு அதே நகரத்துச் சின்னச் சங்கங்களும் ஆடுகின்றன. 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே அணி லீக் பட்டம் பெற்றது. அதன்பின் 61 ஆண்டுகள் அம்மூன்றையன்றி வேறு யாருக்கும் பட்டம் இல்லை. 2019இல் பியர்லெஸ் என்னும் சின்ன அணி பட்டம் வென்றது. அண்மை ஆண்டுகளில் பெரிய அணிகள் இந்த லீகுக்குத் தம் இளைஞர்களையும் மாற்று ஆட்டக்காரர்களையும் பெரிதும் அனுப்புகின்றன. அதில் ஒரு நன்மையும் உண்டு. பெரிய அணியின் பிள்ளைகளுக்கும் அனுபவம் கிடைக்கிறது.

இங்கே இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1911இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளையர் படை அணியை 2-1 என்று வென்றது நாடறிந்த வரலாறு. அன்று மோகன் பகானே சின்ன அணி. “இவர்களோடு நாங்கள் ஆடுவதா?” என்று அந்த ரெஜிமெண்ட் ஒதுங்கியிருந்தால் அந்த வரலாறு ஏது?

நம் தமிழ்நாட்டு அணி

கிரிக்கெட்டில் நாம்தான் யானை. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் நடந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்த, ஒரே நாளில் நாம் இன்னிங்ஸ் வெற்றி பெற்றோம்.

1985-86இல் கோவா ரஞ்சிக் கோப்பைக்குள் வந்தது. 1988-89இல் பனாஜியில் நம் அணி அவர்களுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 912 ரன் குவித்தது. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்சில் இருவர் முச்சதம் அடித்தது முதல்தரக் கிரிக்கெட்டில் அதுவே முதல் முறை. தமிழன் என்ற முறையில் எனக்குப் பெருமையே. ஆனால் வெயிலில் நின்று பந்து பொறுக்கிய கோவாப் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கிறேன்.

2018-19இல் பீகார், மணிப்பூர், அருணாசலம் முதலிய ஒன்பது புதிய அணிகள் சேர்ந்தன. ரஞ்சியில் இவர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று வைத்தார்கள். அதில் சிறந்தவர் மேலேறலாம். ஒருநாள் போட்டியாகிய விஜய் ஹசாரே கோப்பையில் 2022இல் பெரியவர், சிறியவர் அனைவரையும் கலந்து பிரித்தார்கள். விளைவு, நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506. ஜெகதீசன் மட்டும் 277. அருணாசலம் 71 ரன்னுக்குச் சுருண்டது. 435 ரன் வித்தியாசம், உலகச் சாதனை.

இக்கதையின் கடைசிப் பகுதியே என்னைச் சுட்டது. 2024 நவம்பரில் அதே அருணாசலத்தோடு கோவா ஆடியது. 84 ரன்னுக்கு அவர்களைச் சுருட்டிவிட்டு, 2 விக்கெட்டுக்கு 727 ரன் குவித்தது. கஷ்யப் பாக்லே 300, சினேகல் கௌதங்கர் 314, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. 36 ஆண்டுகளுக்கு முன் தன் மேல் விழுந்த இரட்டை முச்சதத்தைக் கோவா தனக்கும் கீழே இருப்பவன் மேல் இறக்கி வைத்தது! கோவாவை நான் குறை கூறவில்லை, விதிப்படி ஆடினார்கள். ஊரில் காத்து நின்ற நான், கல்லூரிச் சட்டை போட்டதும் அணித் தலைவர் முன் வாய் மூடி நின்றேன் அல்லவா? என்னைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

எனினும், தோற்றுக்கொண்டே இருந்தவர் எல்லாரும் தோற்றே போனார்கள் என்று எண்ண வேண்டாம். ஜம்மு காஷ்மீர் பல பத்தாண்டுகளாக ரஞ்சியில் அடிவாங்கிய அணி. 2014 செப்டம்பர் வெள்ளத்தில் அவர்களுடைய சிறீநகர் மைதானமே மூழ்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர்கள் பம்பாய் வான்கடே அரங்குக்குப் போய், 40 முறை கோப்பை வென்ற மும்பை அணியை 4 விக்கெட்டில் தோற்கடித்தார்கள். 2025 ஜனவரியில், ரோகித் சர்மாவே ஆடிய மும்பையை மீண்டும் ஒரு முறை 5 விக்கெட்டில் வென்றார்கள். சின்ன அணிகளைத் தொடர்ந்து எதிர்கொள்ளச் செய்ததன் பயன் இது.

நம் மாவட்டத்துக்கே வருவோம். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். சென்னை லீகில் நான்காம் பிரிவிலிருந்து படிப்படியாக ஏறினார். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக ஆடினார். கீழ்ப் பிரிவுக்கும் மேல் பிரிவுக்கும் நடுவே ஏணி இருந்ததால்தான் அவர் ஏற முடிந்தது. ஏணி இல்லாத ஊர்களில் எத்தனை நடராஜன்கள் பந்தைப் பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்களோ!

கணக்கு என்ன சொல்கிறது?

நான் கணித மாணவன். ஆகவே ஒரு சிறு கணக்கு. ஒரு சின்ன அணி பெரிய அணியை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்று கொள்வோம். ஒரே ஒரு பந்தயம் என்றால் தோற்கும் வாய்ப்பு 0.95. எவரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். அதே அணி, அதே வலிமையோடு இருபது முறை ஆடினால் என்ன ஆகும்? இருபதிலும் தோற்கும் வாய்ப்பு 0.95ஐ இருபது முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.36. அதாவது ஒரு முறையேனும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 64! அணி ஒரு துளியும் முன்னேறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் இருபது முறை ஆடுகிறவன் முன்னேறாமல் இரான்.

ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் நின்று பார்த்தால் ஊர் தெரியாது. அதற்காகப் பேருந்து திரும்பிப் போய்விடுவதில்லை.

எப்படி ஆட வேண்டும்?

ஆகவே ஆட வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் ஆடும் முறை ஒன்று உண்டு.

ஒன்று, முறை வைத்து ஆட வேண்டும். ஒரு முறை பெரிய அணியின் களத்தில் என்றால் மறு முறை சின்ன அணியின் களத்தில். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் யார் களத்தில் ஆட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். அதனால்தான் 2021 ஜனவரியில் டாட்டன்ஹாம் என்னும் பெரிய அணி, எட்டாம் தட்டிலுள்ள மரைன் அணியின் சின்னஞ்சிறு களத்துக்குப் போய் ஆடியது. கொரோனாக் காலமாதலால் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ஆயினும் மரைனைக் காப்பாற்ற, உள்ளே நுழைய முடியாத ஆட்டத்துக்கு 30,000க்கும் மேற்பட்ட சீட்டுகளை மக்கள் வாங்கினார்கள். மரைன் 5-0 என்று தோற்றது; ஆனால் கை நிறைந்தது.

இரண்டு, பயணச் செலவையோ வசூலையோ பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இருப்பவன் சற்றுக் கூடுதலாகத் தரலாம்.

மூன்று, படி வைத்து ஆட வேண்டும். நேற்றுப் பிறந்த அணியை ஆண்டு முழுவதும் யானைகளின் காலடியில் போடுவது பயிற்சி ஆகாது. தனக்கு ஒத்தவரோடு பல ஆட்டம், பெரியவரோடு ஓரிரு ஆட்டம் என்பதே முறை.

நான்கு, அடுத்த ஆட்டம் எப்போது என்பதைச் சொல்லிவிட்டுப் பிரிய வேண்டும். ஆபர்னுக்குக் கிடைத்தது அதுதான்.

நடந்தது

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின் நம் உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். நீண்ட விவாதத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். அவரோ, “தரை எப்படிப்பா? முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்று இரண்டே கேள்வி கேட்டார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு பதினான்கு பேர் மலை ஏறினோம். ஒன்பதாவது வளைவிலேயே நம் கோல்கீப்பர் வாந்தி எடுத்தார். முதற்பாதியில் நாம் பள்ளத்தை நோக்கி ஆடி நான்கு கோல் அடித்தோம். இரண்டாம் பாதியில் மேட்டை நோக்கி ஓட வேண்டியிருந்தது; மூச்சு வாங்கியது. ஒன்றுதான் அடிக்க முடிந்தது. மேகம் இறங்கத் தொடங்கிய நேரத்தில், என்னைக் கேள்வி கேட்ட அதே பையன் என் பக்கமாகவே பந்தைக் கடத்திக்கொண்டு போய் உதைத்தான். பனிக்குள்ளிருந்து பந்து வெளிவந்தபோது கோல்கீப்பர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 5-1. ஐந்து கோலுக்கு அங்கே ஒருவரும் கைதட்டவில்லை. அந்த ஒரு கோலுக்கு ஊரே கத்தியது. அவனைத் தடுக்கத் தவறியவன் நான்தான். அதற்காக இதுவரை நான் வருந்தவில்லை.

அன்றும் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பேருக்குச் சோறாக்கியிருந்தார்கள். இம்முறை மிஞ்சவில்லை.

இறங்கும்போது அணித் தலைவர் வெகு நேரம் பேசாமல் வந்தார். அடிவாரம் நெருங்கியதும், “அடுத்த வருஷம் அவங்கள நம்ம கிரவுண்டுக்குக் கூப்பிடுவோம்டா. சமதளத்துல பார்த்துக்கலாம்” என்றார். அந்தச் சொல்லை நான் குறித்து வைத்திருக்கிறேன். வரும் கல்வியாண்டின் விளையாட்டு அட்டவணையில் ஒரு ஞாயிறு அதற்காக ஒதுக்கப்பட வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களை இதன் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேருந்துக் கட்டணத்துக்கு ஊரில் இப்போதே காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.